ஊசிமுனை ஓட்டை

“முதல்ல அந்த டிரைவரை நிறுத்துங்க. வண்டியை அப்புறம் பாத்துக்கலாம்,” என்றேன்.

என் கணவர் செழியன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, “ஜீப் நிக்கிறதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?” என்றார்.

“பழைய பெட்ரோல் வண்டி, நிக்கும். ஒத்துக்கறேன். அது எப்படிங்க, வீட்லருந்து கிளம்பினா ஒவ்வொரு தடவையும் கலசபாக்கத்துலயே நிக்கும்? அங்கதான அவர் தங்கச்சி வீடு? பத்து நிமிஷம் நிக்குமாம், அப்புறம் தானா ஸ்டார்ட் ஆயிடுமாம். பத்து நிமிஷத்துல ஒரு கேன் பெட்ரோல் இறக்கிடலாம்.”

செழியன் அடுத்த பட்டனைப் போட்டார்.

“ஆயுத பூஜைக்கு அவர் பாட்டுக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. வண்டியைக் கழுவி, பூஜை போட்டு, எல்லாம் நான் ஒருத்திதான். திரும்பி வந்தப்ப நீங்க நாலு வார்த்தை கேட்டீங்க. அந்தக் கோவம். அதுக்கப்புறம்தான் வண்டி நிக்க ஆரம்பிச்சுது.”

நேரில் பார்த்தால் டிரைவர் சின்னசாமியை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் போன வாரம் எட்டு மாதக் குழந்தையோடு நடு ரோட்டில் நின்றபோது, ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆதவனுக்கு மொட்டை. எங்கள் குலதெய்வம் கோயில் இருப்பது ஜவ்வாது மலை மேல். அந்த வளைவுகளில் வண்டி நின்றால்? நான்கு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

“சரி,” என்றார் செழியன். “இன்னைக்கு மெக்கானிக்கையே உக்கார வச்சி ஓட்டிப் பாத்துடலாம். திருட்டுன்னு தெரிஞ்சா அங்கயே இறக்கி விட்டுடறேன்.”

“நானும் வரேன்.”

மெக்கானிக் கோதண்டராமன் ஏற்கெனவே ஃபில்டரை மாற்றியிருந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார். பம்ப் கூடப் புதுசு. முன்சீட்டில் ஏறியதும், “இன்னாபா சின்னசாமி, உன் தங்கச்சி வீட்டாண்ட போனாத்தான் வண்டிக்கு மூச்சு வாங்குதாமே?” என்று சிரித்தார்.

சின்னசாமி சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

வேங்கிக்காலைத் தாண்டி, போளூர் ரோட்டில் நன்றாகத்தான் ஓடியது. கலசபாக்கம் போர்டு தெரிந்ததும் ஜீப் இரண்டு முறை குலுங்கி நின்றது.

நான் செழியனின் கையைக் கிள்ளினேன்.

கோதண்டராமன் பானெட்டைத் திறந்து பார்த்தார். “பம்ப்புக்கு பெட்ரோலே வரல. டேங்க்ல பாதிக்கு மேல கெடக்குது.” பிறகு ஏதோ தோன்றியவர் போல டேங்க் மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம்.

“ஸ்டார்ட் பண்ணு.”

நாலு தடவை இருமிவிட்டு ஜீப் ஓட ஆரம்பித்தது.

“அட, இதுக்கா எல்லாத்தையும் கழட்டினேன்,” என்று தலையில் தட்டிக்கொண்டார் கோதண்டராமன். “தம்பி, இந்த மூடியில ஊசிமுனை ஓட்டை ஒண்ணு இருக்கும். பெட்ரோல் கம்மியாக கம்மியாக அது வழியா காத்து உள்ள போவணும். அது அடைச்சிக்கிச்சின்னா பம்ப் எவ்ளோ இழுத்தாலும் பெட்ரோல் வராது. கொஞ்ச நேரம் நின்னா காத்து எப்படியாவது கசிஞ்சி பூந்துடும். மறுபடி அதே தூரம் ஓடிட்டு நிக்கும்.”

எனக்கு உடனே புரிந்தது. ஆதவனின் பால் பாட்டிலும் அப்படித்தான். வளையத்தை இறுக்கி மூடினால் நிப்பிள் ஒட்டிக்கொள்ளும். சப்பிச் சப்பி அழுவான்.

“ஊக்கு இருந்தா குடும்மா.”

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். சின்னசாமி முந்திக்கொண்டு வாங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, மூடியை வெளிச்சத்தில் பிடித்துக் குத்தினார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அப்புறம் ஊதினார்.

“மேல பளபளன்னுதான இருக்குது. ஓட்டையில இன்னாபா அடைச்சிருக்கு?” என்றார் கோதண்டராமன்.

“புழுதிண்ணா. மலை ரோட்டுப் புழுதி. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்.”

செழியனுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆறு வருஷமா இதே வண்டியை ஓட்டறீங்க. ஒரு மூடியைப் பாக்கத் தெரியாதா? குழந்தையை வச்சிக்கிட்டு மலையில நின்னிருந்தா யார் பதில் சொல்றது? மொட்டைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். இனிமே நீங்க வர வேணாம்.”

“சரி சார்.”

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் வந்து, “இந்தாம்மா ஊக்கு. தெறந்து கெடக்குது, புள்ளையக் குத்திடப் போவுது,” என்று நீட்டினார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. திருட்டு இல்லாவிட்டால் அலட்சியம். எப்படியோ, நான் சொன்னது சரிதானே.

ஊக்கை வளையலில் மாட்டப் போனேன். முனையைத் துடைத்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அடியில் இருந்த சுருளுக்குள் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதன் நடுவே கடுகளவு சிவப்பு.

சின்னசாமி சாவியை செழியன் கையில் வைத்துவிட்டு, ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

“அண்ணே, நில்லுங்க,” என்று கூப்பிட்டேன். பிறகு செழியன் பக்கம் திரும்பினேன்.

“அது புழுதி இல்லைங்க. ஆயுத பூஜைக்கு அந்த மூடி மேல நான் வச்ச சந்தனப் பொட்டு.”