கண்ணாடி பூட்ஸ்

கதிரேசன் அண்ணாந்து குடித்தான்.

பூட்ஸை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, உதடு படாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். வழிகாட்டிப் பெண் லேனா, இதுதான் இந்தியன் ஸ்டைல் என்று எல்லோருக்கும் அறிவித்தாள்.

பக்கத்தில் நின்ற அவன் மட்டும் தட்டவில்லை. பூட்ஸைக் கதிரேசனிடம் கொடுத்தவன் அவன்தான். கொடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பெர்லினில் பார் பாராக அழைத்துப் போகும் சுற்றுலா அது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த கூட்டம். ஒவ்வொரு பாரிலும் பூட்ஸ் வடிவத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் குவளை வரும், நிறைய பீரோடு. எல்லோருக்கும் அந்த ஒரே குவளைதான். கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும், காலியாகும்வரை மேசையில் வைக்கக் கூடாது. குடிக்க மாட்டேன் என்பவர் பெஞ்சின் மேல் ஏறிப் பாட வேண்டும்.

முதல் பாரில் இதைக் கேட்டதும் கதிரேசன் அவன் காதோரம் குனிந்தான்.

"என்ன கருமத்த வேணா ஊத்தட்டும் மாப்ள, குடிச்சிருவேன். பாட்டு மட்டும் நம்மால ஆகாது. ஸ்கூல் ப்ரேயர்லகூட சும்மா வாயத்தான் அசைப்பேன்."

ஆபீஸ் பயிற்சிக்கு வந்த இடத்தில் பழக்கம். அவன் பெங்களூர் கிளை, கதிரேசன் சென்னை. இரண்டு பேருக்கும் ஊர் சிவகங்கைப் பக்கம் என்று தெரிந்த நிமிடமே கதிரேசன் 'மாப்ள' போட்டுவிட்டான். கண்காணாத ஊரில் அந்த ஒரு சொல் அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

முதல் பாரில் கதிரேசன் தூக்கிக் குடிக்கவில்லை. அவன் வாய் வைத்துக் கொடுத்த பூட்ஸை வாங்கி, அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தான். மீசையில் ஒட்டிய நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு ஆற்றோரமாக இரண்டாவது பாருக்கு நடந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரமாகியும் வெயில் இறங்கவில்லை.

"ஒங்க ஊர்ல நீங்க எந்தப் பக்கம் மாப்ள? கோயில் பக்கமா, கம்மாய்க்கு அந்தப் பக்கமா?"

கம்மாய்க்கு அந்தப் பக்கம், என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்?

"ஓ. சரி சரி, ப்ரோ."

மாப்ள ப்ரோ ஆனது காதில் விழத்தான் செய்தது. விழாத மாதிரி நடந்தான். நாமாக எதையாவது கற்பனை செய்துகொள்ளக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

இப்போது என்ன செய்ய? கண் முன்னால் அண்ணாந்து குடிக்கிறான்.

ஊர் பேர் தெரியாத அத்தனை பேர் வாய் வைத்தது எச்சில் இல்லை. செருப்பு மாதிரி இருக்கிற ஒன்றில் வாய் வைக்கக் கூச்சம் இல்லை. கம்மாய்க்கு அந்தப் பக்கத்து உதடு பட்டதுதான் எச்சில்.

ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி கிளாஸ் இருந்தது. குடித்துவிட்டு அவரேதான் கழுவிக் கவிழ்த்தார். அந்த கிளாஸைக் கதிரேசன் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டான். அதற்குக் கைதட்டல் வேறு.



பூட்ஸ் வட்டத்தில் நகர்ந்தது. எல்லோருக்கும் இந்தியன் ஸ்டைல் ஆசை வந்துவிட்டது. அயர்லாந்துக்காரி தூக்கி ஊற்றினாள், பாதி கழுத்துக்குள் போனது. பிரேசில்காரன் மூக்கில் ஊற்றிக்கொண்டு இருமினான். சட்டைகள் நனைந்தன, தரை நனைந்தது, சிரிப்பு தாங்கவில்லை.

பார்க்காரர் துடைப்பத்தோடு வந்துவிட்டார். லேனாவிடம் ஜெர்மனில் ஏதோ பொரிந்து தள்ளினார்.

லேனா கையை உயர்த்தினாள். போதும், இனி யாரும் தூக்கிக் குடிக்கக் கூடாது. வாய் வைத்துத்தான். தூக்கினால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

பூட்ஸ் சுற்றி வந்து மறுபடி அவன் கைக்குச் சேர்ந்தது. இன்னும் பாதி இருந்தது.

அவனுக்கு அடுத்தவன் கதிரேசன்.

அவன் விளிம்பில் வாய் வைத்தான். ஒரு மடக்கு.

பூட்ஸைக் கொஞ்சம் திருப்பினான். இன்னொரு மடக்கு.

மறுபடி திருப்பினான்.

அவசரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் உதட்டை நன்றாகப் பதித்து, எடுத்து, திருப்பினான். இதுவும் ஏதோ வித்தை என்று நினைத்துக் கூட்டம் தாளம் போட ஆரம்பித்தது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது, விளிம்பில் அவன் வாய் படாத இடம் மிச்சம் இல்லை.

கொஞ்சம் பீரை மிச்சம் வைத்திருந்தான்.

கையை நீட்டினான்.

"குடி மாப்ள."

கதிரேசன் வாங்கினான். விளிம்பைப் பார்த்தான். துடைப்பத்தைப் பிடித்தபடி நின்ற பார்க்காரரைப் பார்த்தான். பூட்ஸை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான், எங்காவது இடம் இருக்கிறதா என்பது போல. காதெல்லாம் சிவந்துவிட்டது.

தாளம் வேகமானது.

கதிரேசன் பூட்ஸை அயர்லாந்துக்காரியிடம் நீட்டினான். அவள் வாங்கி ஒரே மூச்சில் குடித்துக் காலிசெய்தாள்.

கதிரேசன் பெஞ்சின் மேல் ஏறினான்.

பாட ஆரம்பித்தான். ஏதோ ஸ்கூல் ப்ரேயர் பாட்டு. சுருதி எங்கோ போனது. பாதி வார்த்தைகள் தெரியவில்லை, முனகி ஒப்பேற்றினான்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் கேட்டான்.

கதிரேசன் அவனைத் தவிர எல்லோரையும் பார்த்துப் பாடினான்.