சொந்தத் தப்பு

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து கதிரேசனுக்கு ஒவ்வொரு சொல்லையும் காதில் மாட்டிய ஏ.ஐ. கருவிதான் எடுத்துக் கொடுத்தது. பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக்கும் அதுவே விடை சொல்லும், இவர் எழுதுவார். ஒரு தப்பும் இருக்காது.

இன்று அதைக் கழற்றி டபராவில் போட்டுவிட்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். மனைவி தெய்வானைக்கு விடையைச் சொல்லிவிட வாய் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மத்தியானச் சோறு ஆறிய பிறகுதான் பேனாவை வைத்தார்.

“மு... முடிச்சிட்டேன் தெய்வானை.”

கருவியைத் தன் காதில் மாட்டி விடைகளைச் சரிபார்த்தவள், பேப்பரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

“அக்கா, இங்க பாருங்க! ரெண்டு தப்பு! ரெண்டும் எங்க வீட்டுக்காரர் சொந்தமாப் போட்டது!”