வாடகையா, விலையா?

"வாடகைக்கெல்லாம் வேணாங்க. விலைக்கே வாங்குவோம்" என்றாள் கிறேஸ், கடைக்குள் கால் வைத்ததுமே.

"மொதல்ல பொருளப் பாப்போம்" என்றார் அவள் புருஷன் அந்தனி.

ருவான்வெல்லை பஜாரில் மஹ்ரூபின் மருந்துக் கடை. பக்கத்து றப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அந்தனி, குடும்பத்தோடு வந்திருந்தார். மகன் ரெஜினோல்ட் நின்றான். மருமகள் ஜொய்சி கடையில் இருந்த ஒரே நாற்காலியில், மடியில் கைக்குழந்தையோடு.

திங்கட்கிழமை ஜொய்சி மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக வேண்டும். பிள்ளையோ பால்மாவை வாயில் வைத்தாலே துப்புகிறான். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக ஒரு மெஷின் இருக்கிறது என்று யாரோ சொல்ல, தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மஹ்ரூப் பெட்டியைத் திறந்தார்.

"தம்பி டுபாய்ல இருந்து அனுப்பினது. ஒண்ணுதான் கைல ஈக்கி. வாடகைக்கும் தாரேன், விலைக்கும் தாரேன். மார்ல வைக்கிற கப்பும் போத்தலும் ஆளுக்காள் புதுசு."

"வேலை செய்யுமா?" என்று கேட்ட அந்தனி, பதிலுக்குக் காத்திராமல் கப்பைத் தன் கன்னத்தில் வைத்து சுவிட்சைப் போட்டார்.

கர்ர்... கர்ர்... கன்னம் உள்ளே போனது. ஒரு கண் பாதியாகிவிட்டது.

"எடுங்கப்பா!"

"வருதில்லடா!"

மஹ்ரூப் விரலை விட்டு நெம்பினார். 'பொக்' என்று கழன்றது. அந்தனியின் கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம். மஹ்ரூப் கப்பைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். மெஷின் மட்டும் மேசையில் கர்ர் கர்ர் என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்ல மெஷின்" என்றார் அந்தனி, கன்னத்தைத் தடவிக்கொண்டு. "ஆனா வாங்கி என்னா செய்ய? பய சோறு திங்கத் தொடங்குனா இது அலுமாரிக்கு மேல கெடக்கும். வாடகையே போதும்."

"கெடக்காது. அடுத்த பிள்ளைக்கு ஒதவும்" என்றாள் கிறேஸ்.

ஜொய்சி புருஷனை முறைத்தாள். நாலு மாதமாகத் தூங்காதவளின் முறைப்பு.

"எங்களுக்கு இப்ப வேணாம்மா" என்றான் ரெஜினோல்ட் அவசரமாக.

"ஆண்டவர் குடுத்தா வேணாம்னு சொல்ல ஏலுமா?"

"மாமி, தையல் போட்ட எடம்கூட இன்னும் வலிக்குது..." என்றாள் ஜொய்சி.

தலைவலி மாத்திரை வாங்க வந்த ஒரு சிங்களப் பெண், "மொகத மே?" என்றாள். இது என்ன என்று கேட்டவளுக்கு, கிறேஸ் சிங்களத்திலேயே எல்லாவற்றையும் விளக்கினாள்.

"கன்ன, கன்ன!" வாங்குங்கள் வாங்குங்கள் என்று அவளும் கிறேஸோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தனிக்குப் பொறுக்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அந்தப் பொம்பளப் பிள்ளைய ஏன் கிறேஸ் இப்பிடி வதைக்கிற? அது ஒடம்பு தேற வேணாமா?"

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குந்தான் சொல்றேன். மனுஷனுக்கு ஒரு அடக்கம் வேணும். பொண்டாட்டி பாவம்னு நெனைக்கணும். என்னையப் பாரு. ஒன்னோட நிப்பாட்டிக்கிட்டேன்ல?"

ஜொய்சி மாமனாரை நன்றியோடு பார்த்தாள். மஹ்ரூபும் தலையை ஆட்டினார். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்ப்பார்!

"அப்ப வாடகைதானே?" என்றார் மஹ்ரூப்.

"வாடகைதான்."

"விலைக்கு!" கிறேஸ் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு? அதச் சொல்லு. நம்ம வீட்டுல அடுத்து யாருக்கு பிள்ள பொறக்கப் போகுது?"

கிறேஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னா? சத்தமா சொல்லு!"

அந்த நேரம் பார்த்து மஹ்ரூப் சுவிட்சை அணைத்தார்.

"எனக்குத்தான்!"

கிறேஸின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"மொகத கிவ்வே?" அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள் சிங்களப் பெண். யாரும் மொழிபெயர்க்கவில்லை. ரெஜினோல்ட் மேலே சுழலும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிட்வைஃப் மூணு மாசம்னு சொல்லிட்டாங்க" என்றாள் கிறேஸ், அழுகிற குரலில். "நாப்பத்தோரு வயசுல, மகன் மருமக முன்னுக்கு எப்பிடிங்க சொல்றது? ஒங்ககிட்டயாவது சொல்லுவோம்னு ரெண்டு நாளா பாக்குறேன். நீங்க எங்க என்னையப் பேச விட்டீங்க?"

முதலில் சிரித்தது ஜொய்சிதான். பிள்ளையைப் புருஷன் கையில் திணித்துவிட்டு எழுந்து, மாமியாரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இந்த நேரத்துல நீங்க நிக்கக் கூடாது மாமி. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் வாங்குவோம்னே சொல்லியிருப்பேனே!"

பிறகு மஹ்ரூப் பக்கம் திரும்பினாள்.

"விலைக்கே குடுங்க, மஹ்ரூப் நானா. பில்ல மாமாகிட்ட குடுங்க."

மாமாவைக் காணோம்.

கடைக்கு வெளியே, வெறும் ரோட்டில், வராத பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார் அந்தனி.