ஆக்சிஜனுக்கு மட்டும் பழைய கோப்பு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பிரகலாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கணினியில் அவன் சோதித்த பேட்டரிப் பொருள் பிரமாதம் என்று ஆய்வகமே கொண்டாடியது. காலையில்தான் கவனித்தான்: அணுவின் இயல்பைக் கணினிக்குச் சொல்லும் சூடோபொட்டன்ஷியல் கோப்பு மற்ற எல்லாத் தனிமங்களுக்கும் புதியது, ஆக்சிஜனுக்கு மட்டும் பழையது. ஒன்று மாறினாலும் மொத்தக் கணக்கும் அம்போ.

“சார், ஒரு விஷயம்...”

“முதல்ல சாப்பிடு லா,” என்றார் ஆய்வகத் தலைவர் காசிவிஸ்வநாதன். எதிரே சக ஆய்வாளர் நிலானி இரண்டாவது நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பாயசம் வந்ததும் பிரகலாதனால் அடக்க முடியவில்லை. “ஆக்சிஜன் கோப்பு மாறிப்போச்சு சார். ரிசல்ட் அத்தனையும் தப்பு!”

“தெரியும். ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாலேயே நிலானி பிடிச்சிட்டா. இந்த விருந்தே அவளுக்குத்தான்.”

“அப்ப நான் எதுக்கு சார்?”

“பில்லு கட்ட ஆள் வேணாமா?”

நிலானி மூன்றாவது நண்டுக்குக் கை காட்டினாள்.