லேட்டக்காவின் இருக்கை

மானேஜரின் மச்சினன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லேட்.

ஒன்பதுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் கம்ப்யூட்டர் திறந்தபோது மணி ஒன்பது பத்தொன்பது. இந்த ஆபீஸில் ஆள் வந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் திறந்த நேரம்தான் வருகைப் பதிவு.

மானேஜர் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிஸ்டம்காரன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தான்.

மச்சினனுக்குக் கொடுத்திருந்தது லேட்டக்காவின் இருக்கை. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது; யாரும் கூப்பிட்டதில்லை. லிஃப்டை ஒட்டிய இந்த மூலைக்கு மாற்றிய நாளிலிருந்து தினமும் லேட். போன மாதம், டிராயரைத் திறக்கக்கூட விடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின்தான் லேட், நான் இல்லை என்று அவள் தொண்டை வறளச் சொன்னதற்கு ஆபீஸே சிரித்தது. சிஸ்டம்காரனும்தான் சிரித்தான்.

வேலையைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்திருந்தாள். பதினொரு மணிக்கு விசாரணை. எட்டே முக்காலுக்கே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சிஸ்டம்காரன் திரையைப் பார்த்தான். வைஃபை ஒரே ஒரு கோடு. மிச்சத்தை லிஃப்டின் இரும்புச் சுவர் விழுங்கிவிட்டது. மெஷின் சர்வரைத் தேடுகிறது, கிடைக்காமல் விழிக்கிறது, மறுபடி தேடுகிறது. பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தன் அலமாரியிலிருந்து நீளமான கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து செருகினான். ஒரே நிமிடத்தில் திறந்துகொண்டது. இரண்டு வருடமாக அங்கேதான் சுருண்டு கிடந்தது அந்தக் கேபிள்.

அதை மேஜைக்கடியில் ஒதுக்கும்போது டிராயர் முழங்காலில் இடித்தது. இழுத்தான். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பதினொரு புகார்ச் சீட்டுகள். அவளுடைய குண்டு குண்டான எழுத்து: கம்ப்யூட்டர் திறக்க நேரமாகிறது, தயவுசெய்து நேரில் வந்து பார்க்கவும்.

ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே பதில்: நேரில் பார்த்தேன். பழுது ஏதுமில்லை.

மானேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், வரவேற்பறையில் அவள் எழுந்து நின்றாள்.

“ஏம்ப்பா, இந்த மெஷின்ல முன்னாடியே இந்தப் பிரச்சினை இருந்துச்சா?”

“இல்ல சார். இன்னைக்குத்தான்.”

சீட்டுகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். பதினொன்றிலும் கையெழுத்து அவனுடையது.

இந்த மேஜைக்கு அவன் நேரில் வந்தது இன்றுதான் முதல் தடவை.