முன்னால் போகிறவர்

கொத்தனாருக்கு இரண்டு முழங்காலும் விண்விண்ணென்று தெறித்தன. லீவு நாளில் வண்டி நடமாட்டமில்லாத காட்டு மலைச்சாலையில் சைக்கிள் மிதிப்பது அவருக்கும் வெல்டருக்கும் பத்து வருடப் பழக்கம். ஒரு மைல்கல்வரை ஒருவர் முன்னால் போய் எதிர்காற்றை நெஞ்சில் வாங்குவார். மற்றவர் அவர் முதுகுக்குப் பின்னால் அலுங்காமல் வருவார். அடுத்த கல்லில் முறை மாறும். வெல்டர் செத்து மூன்று மாதமாகிறது. கொத்தனார் தனியாகத்தான் வந்தார்.

ஏழாவது கல் தாண்டியதும் அவர்மேல் காற்றே படவில்லை. மரங்கள் வளைந்து ஆடின. எதிரே பறந்து வந்த சருகுகள் அவருக்கு ஒரு சைக்கிள் தூரம் முன்னாலேயே இருபக்கமும் பிரிந்து போயின.

எட்டாவது கல் வந்தது. "ஓசிச் சவாரி போதும் மச்சான், முன்னாடி வாடா" என்று வெல்டர் நக்கலடிக்கும் இடம்.

கொத்தனார் பிரேக்கைப் பிடித்தார்.

"முட்டி வலிக்குதுடா" என்று வெறும் ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு இறங்கினார்.

வெல்டருக்கு அவர் ஒரு மைல் எதிர்காற்று பாக்கி.