பால்கனியில் மாமா

வயிறு வலிக்கச் சிரிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் வயிறு எரிகிற விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எரிவது அப்பாவின் வயிறு. எரிய வைப்பவர் மாமா, அம்மாவின் அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். சில மாதங்களுக்கு முன்பு வரை. திடீரென்று ஒரு நாள், ஐம்பது வயதிலேயே, "ரிட்டையர் ஆயிட்டேன்" என்று மாமா வந்து நின்றார். அன்றிலிருந்து, அப்பா டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும்போதெல்லாம் எதிரே தன் வீட்டு பால்கனியில் டீ டம்ளரோடு நிற்பார்.

"மாப்ள, நேரமாச்சு, கிளம்புங்க!"

அப்பா நிமிர்ந்து பார்க்கமாட்டார். பல் மட்டும் நறநறக்கும்.

"சீக்கிரம் ரிட்டையர் ஆகறதுன்னா சும்மாவா மாப்ள? பணத்தைச் சேர்த்தா மட்டும் போதாது. மனசையும் பழக்கணும். நான் எத்தனையோ வருஷமா பழக்கிட்டு வரேன்."

இது மாமா. நேரில் வந்தால் இழுத்து இழுத்து அவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன்.

மாமா பைக்கை விற்றார். "நடந்தா உடம்புக்கு நல்லது!" அத்தை தையல் மெஷினோடு உட்கார்ந்து ஊராருக்குத் தைக்க ஆரம்பித்தாள். "அவளுக்கும் பொழுது போகணும்ல!"

"கொழுப்பு! என் சம்பளம் வந்த அன்னைக்கே லோனுக்குப் போயிடுது. இவங்களுக்குப் பொழுது போகலையாம்!" இது அப்பா.

"எங்க அண்ணன் மேல கண்ணு வைக்காதீங்க." இது அம்மா.

சிரிப்புதானே? வந்துகொண்டே இருக்கிறது. பொறுங்கள்.

நேற்று காலை அப்பா என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். என் மிமிக்ரியைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிற அதே அப்பா.

"ஏய் மைக் செட்டு, எங்க மேனேஜர் மேடம் மாதிரி பேசுவியா?"

மேடத்தை ஆண்டு விழாவில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். எனக்கு அது போதும். மூக்கடைத்த குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "ஓகேவா?"

"ராஜினாமாவை ஏத்துக்கல, திங்கக்கிழமை வேலைக்கு வரணும்னு சொல்லு. அந்த மூஞ்சியை நான் ஒரு தடவை பார்க்கணும்."

மாமாவுக்குத் தெரியாத புது நம்பர். ஸ்பீக்கர் ஆன். சிரிப்புச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அப்பா வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார். இருவரும் திரைக்குப் பின்னால்.

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "மேனேஜர் பேசறேன். ஓகேவா?"

எதிர் பால்கனியில் மாமா சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார். விறைப்பாக நின்றார். சட்டையின் மேல் பட்டனை வேறு போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்படிக் குலுங்கினார். பார்த்தீர்களா, சிரிப்பு வந்தாயிற்று.

"உங்க ராஜினாமாவை மேலிடத்துல ஏத்துக்கல. திங்கக்கிழமை வேலைக்கு வரணும். ஓகேவா?"

"நிஜமாவா மேடம்?" மாமாவின் குரல் நடுங்கியது.

அப்பா என் தோளைக் குத்தினார். பயந்துட்டார், விடாதே!

"இன்னைக்கே வரட்டுமா மேடம்? ஸ்பேனரெல்லாம் தினம் துடைச்சு வெச்சிட்டிருக்கேன். வீட்ல உட்கார முடியல மேடம்."

அப்பா குத்துவதை நிறுத்தினார்.

இது நாங்கள் போட்ட திட்டத்தில் இல்லை. "வரலாம்... ஓகேவா?" என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். நான் திரும்பி வந்தா, எங்க மாப்ளையை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆமா, வேற வழியில்ல. ஓகேவா?"

"அப்ப நான் வரல மேடம்."

யோசிக்கக்கூட இல்லை.

"ஆள் குறைக்கணும், அவரைத்தான் அனுப்பப் போறேன்னு நீங்க சொன்னப்பவே, அவருக்குப் பதிலா நான் போறேன்னு சொன்னேன்ல? அது அப்படியே இருக்கட்டும். லிஃப்ட்ல ஒரு ஆள் அதிகமா ஏறிட்டா கத்திக்கிட்டே நிக்கும் மேடம். யாராவது இறங்கினாத்தான் கிளம்பும். அவருக்கு லோன் இருக்கு, படிக்கிற பொண்ணு இருக்கு. நாங்க ரெண்டே பேர், எப்படியோ சமாளிச்சுக்குவோம். அதான் நான் இறங்கிட்டேன்."

"இது... அவருக்குத் தெரியுமா? ஓகேவா?" ஓகேவா தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. மாமா கவனிக்கவில்லை.

"ஐயோ, தெரியவே கூடாது! அதுக்குத்தானே தினம் பால்கனியில நின்னு வெறுப்பேத்தறேன். வயித்தெரிச்சல்னா என்னைத் திட்டிட்டு வேலைக்குப் போயிடுவார். விஷயம் தெரிஞ்சா எப்படி மேடம் போவார்?"

அப்பாவின் வாயிலிருந்து துண்டு விழுந்தது.

"மச்சான்..."

ஸ்பீக்கர் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மாமா கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். பிறகு நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அப்பா எப்போது திரையை விலக்கினார் என்று எனக்கே தெரியவில்லை. தினமும் நிமிராத தலை, நேற்று அந்த பால்கனியை விட்டுத் திரும்பவில்லை.

மாமா மேல் பட்டனைக் கழற்றினார். டம்ளரைக் கையில் எடுத்தார்.

"மாப்ள," என்றார், ஃபோனில், மெதுவாக, "நேரமாச்சு... கிளம்புங்க."